மாஸ்டர் ஏறினால் நிற்கும் கார்

போன திங்கட்கிழமை காலை நான் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது கல்யாணத் தரகர் வந்து நின்றார். கக்கத்தில் குடை, முகத்தில் துக்கம்.

“சம்பந்தம் கலைஞ்சு போச்சு வக்கீலய்யா. அம்புட்டுக்கும் ஒங்க காருதான் காரணம்.”

என் வாய் நிறையப் பற்பொடி. ஒரு வக்கீலிடம் குற்றச்சாட்டைச் சொல்ல இதைவிடப் பாதுகாப்பான நேரம் கிடையாது. நான் கொப்பளித்துவிட்டு வருவதற்குள் அவர் என் மனைவியிடம் முழுக் கதையையும் சொல்லி, காபியும் குடித்து முடித்திருந்தார்.

கதை இதுதான். என் எதிர்வீட்டு டிரில் மாஸ்டர் சவுந்தரம் என் காரில் ஏறினால் கார் நின்றுவிடுகிறது. இறங்கினால் ஓடுகிறது. ஆகவே மாஸ்டருக்குச் சனி பிடித்திருக்கிறது. ஆகவே பெண் கொடுக்க முடியாது.

சிரிக்கிறீர்களா? நானும் சிரிக்கத்தான் முயன்றேன். ஆனால் நடந்ததைக் கண்ணால் பார்த்தவன் ஆயிற்றே... சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

மாஸ்டரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வயது முப்பத்துநாலு. ஒரு விசில் ஊதினால் மைதானத்தில் இருநூறு பையன்கள் அப்படியே நிற்பார்கள். அப்படிப்பட்டவர், இந்த வரனுக்காகத் தலைகீழாக நின்றுகொண்டிருந்தார். பெண்ணின் பெயர் கோமதி. வேடசந்தூருக்கு இந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் ஆரம்பப் பள்ளி டீச்சர். பள்ளிக்கூடங்களுக்கு இடையே நடந்த ஓட்டப்பந்தயத்தில் அந்தப் பெண் ஸ்டாப் வாட்ச் பிடித்துக்கொண்டு நின்றதை மாஸ்டர் பார்த்திருக்கிறார். அந்தப் பந்தயத்தில் எந்தப் பையன் முதலில் வந்தான் என்று கேட்டால் இன்றைக்கும் அவருக்குத் தெரியாது.

நல்ல மனிதர். அவருக்கு இந்தக் கல்யாணம் நடந்தாக வேண்டும் என்று எனக்கே ஆசை. அதனால்தான் பெண் பார்க்கப் போக என் காரைத் தருவதாக வாக்குக் கொடுத்தேன்.

காரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கொடைக்கானலில் எஸ்டேட் வைத்திருந்த ஒருவரிடமிருந்து மார்கழியில் வாங்கியது. பிறந்ததிலிருந்து மலையை விட்டு இறங்காத கார். திண்டுக்கல்லுக்கு வந்த பிறகும் மரியாதையாகத்தான் ஓடியது. காலையில் என்னைக் கோர்ட்டில் கொண்டுபோய் விடும், பகல் முழுக்க வேப்பமரத்தடியில் நிற்கும், சாயங்காலம் திருப்பிக் கூட்டி வரும். ஒருநாள்கூடத் தகராறு செய்ததில்லை.

பெண் பார்க்க வெள்ளிக்கிழமை குறித்தார்கள். வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகுகாலம். அதற்கு முன்னால் கிளம்பலாம் என்றால் மாஸ்டரின் அத்தை சம்மதிக்கவில்லை. போய்ச் சேர்ந்து பெண்ணைப் பார்க்கிற நேரம் ராகுகாலத்தில் மாட்டிக்கொள்ளுமாம். ஆகவே பன்னிரண்டு அடித்து ஒரு நிமிஷம் கழித்து, கத்திரி வெயில் மண்டையைப் பிளக்கிற நேரத்தில், கிளம்பினோம். நான் ஸ்டியரிங்கில். பக்கத்தில் மாஸ்டர். பின்னால் என் மனைவி, அத்தை, தரகர். தரகர் மடியில் பூ, பழத் தட்டு.

தாடிக்கொம்புக்குக் கொஞ்சம் முன்னால் கார் இரண்டு தடவை இருமியது. நின்றுவிட்டது.

சோக்கை இழுத்தேன், தள்ளினேன். மாஸ்டர் இறங்கி, முன்பக்கம் ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினார். அந்தக் கைகள் சுற்றிய சுற்றில் ஒரு கரும்பு ஆலையே ஓடியிருக்கும். கார் அசையவில்லை. அரை மணி நேரம் போராடிவிட்டு, “நீங்க இருங்கண்ணே, நான் போயி யாரையாச்சும் கூட்டியாறேன்” என்று சொல்லிவிட்டு நடந்தார். அவர் இரண்டு ஃபர்லாங் போயிருப்பார். சும்மா இருக்கிறோமே என்று சாவியைத் திருப்பினேன்... கார் கிளம்பிவிட்டது!

ஓட்டிக்கொண்டு போய் மாஸ்டரைப் பிடித்து ஏற்றிக்கொண்டோம். அரை மைல் போகவில்லை, மறுபடி இருமல். மறுபடி நின்றது.

மறுபடி அவர் இறங்கினார். காத்திருந்தோம். நடந்தார். மறுபடி கிளம்பியது.

பின்சீட்டிலிருந்து அத்தை முன்னால் சாய்ந்தார். “அவன் எறங்குனா ஓடுது. ஏறுனா நிக்குது. எனக்கு என்னமோ சரியாப் படல” என்றார்.

மாஸ்டரை இப்படி ஏற்றியும் இறக்கியும் பெண் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டரை. நல்ல நேரம் போய்விட்டது. கேசரி உலர்ந்துவிட்டது. ஏன் தாமதம் என்று கோமதியின் அப்பா கேட்டார். என்ன பதில் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அத்தை உண்மையைச் சொல்லிவிட்டார். சொந்த அத்தை! எதிர்க்கட்சி சாட்சிகூட இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

“நேரம் தப்பிப்போச்சு, அடுத்த வெள்ளி வாங்க” என்று சொல்லி அனுப்பினார்கள்.

எனக்கு ஒரு வாரம் இருந்தது. மெக்கானிக் காதர் பாயிடம் போனேன். காதர் பாய் கெட்டிக்காரர். ஆனால் கோடையில் அவர் வேலை செய்கிற நேரம் காலை ஆறிலிருந்து பத்து. பிறகு சாப்பாடு, தூக்கம். அவர் விடியற்காலையில் வந்து காரை மலைக்கோட்டையை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுக் கொண்டுவந்து நிறுத்தினார்.

“வண்டி தங்கம் வக்கீல் சாப். ஒண்ணும் இல்ல.”

“நிக்குதே பாய்?”

“எப்ப நிக்குது?”

இங்கேதான் நான் செய்த தப்பைக் கவனியுங்கள். என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும்? மத்தியானம் நிற்கிறது என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது – “மாஸ்டர் ஏறினா நிக்குது.”

காதர் பாய் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டினார். “அப்பிடின்னா மாஸ்டரைத்தான் ரிப்பேர் பண்ணணும்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இரண்டாவது வெள்ளிக்கிழமை. அதே ராகுகாலம், அதே பன்னிரண்டு ஒன்று. இந்தத் தடவை காரின் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். மாஸ்டர் கையில் அத்தை ஒரு கறுப்புக் கயிறு கட்டினார். என் மனைவி காரைச் சுற்றிப் பூசணிக்காய் உடைத்தாள். ஒரு தேருக்குச் செய்கிற அத்தனை மரியாதையும் செய்தோம்.

அதே இடம். அதே இருமல். மாஸ்டர் கதவைத் திறந்து இறங்கினார். புளியமரத்தடியில் போய் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அரை மணி கழித்து நான் சாவியைத் திருப்பினேன். கிளம்பியது. அந்த முதுகைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. கிளம்பாமலே இருந்து தொலைத்திருக்கக் கூடாதா இந்தக் கார்?

அன்றைக்கு அவர் காரில் திரும்ப ஏறவில்லை. “நீங்க போயி நல்லபடியாச் சொல்லிட்டு வாங்கண்ணே” என்று சொல்லிவிட்டு, திண்டுக்கல்லைப் பார்த்து நடந்தார். எமகண்டமும் கழியட்டும் என்று அத்தை சொல்ல, நாலரைக்கு வெயில் தாழ்ந்த பிறகுதான் காரை எடுத்தோம். மாப்பிள்ளை இல்லாமல் பெண் பார்க்கப் போன முதல் கோஷ்டி நாங்களாகத்தான் இருப்போம்.

அதற்குப் பிறகுதான் திங்கட்கிழமை, தரகர், பற்பொடி.

“நீங்க கோர்ட்ல ஊரான் கேசுக்கெல்லாம் தொண்டை கிழியக் கத்துறீங்க. இதுக்குப் போய்ப் பேச மாட்டீங்களா?” என்று என் மனைவி கேட்டாள். கோர்ட் லீவு. பேசாமல் இருந்து எனக்கும் நாக்குத் தடித்துப் போயிருந்தது. மறுநாளே கிளம்பினேன். காரில் போகவில்லை. பஸ்ஸில் போனேன்.

கோமதியின் அப்பா நாச்சிமுத்து, கடலையும் சோளமும் போடுகிற விவசாயி. நல்லவர். மோர் கொடுத்தார். விசிறி கொடுத்தார். பெண் கொடுக்கத்தான் முடியாது என்றார்.

“நானும் யோசிச்சுப் பாத்துட்டேங்க. கார்ல ஏறுனா காரு நிக்குது. நாளைக்கு எங்க வண்டில ஏறி மாடு படுத்துருச்சுன்னா? ஒரே மகங்க எனக்கு. தெரிஞ்சே கொண்டுபோயித் தள்ளச் சொல்றீகளா?”

நான் அரை மணி நேரம் பேசினேன். மாஸ்டரின் ஒழுக்கம், உடற்கட்டு, மூல நட்சத்திரம் இல்லாத ஜாதகம்... எதுவும் எடுபடவில்லை. சோர்ந்துபோய் எழுந்தேன். அப்போது உள்ளே கதவுப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

“சார்... அவுக இல்லாம, உச்சிவெயில்ல, அந்தக் கார ஓட்டிப் பாத்தீகளா?”

கோமதி. கையில் கரண்டியோடு நின்றாள்.

எழுந்தவன் திரும்ப உட்கார்ந்தேன். உச்சிவெயிலில் காரை எடுத்துக்கொண்டு ஊர் சுற்ற எனக்கு என்ன பைத்தியமா? மாஸ்டரோடு போன அந்த இரண்டு தடவையைத் தவிர, அந்தக் கார் என்னிடம் வந்த நாளிலிருந்து பகல் பன்னிரண்டு மணிக்கு ஒரு மைல்கூட ஓடியதில்லை! இத்தனை நாளாக ஒருத்தருக்கும் இது தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. மூன்றாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிற பெண்ணுக்குத் தோன்றியிருக்கிறது.

“ஓட்டிப் பாக்கலாமே அப்பா. அவுக இல்லாம ஓடிருச்சுன்னா நீங்க சொல்றதுதான். நின்னுருச்சுன்னா...” என்றாள். மீதியைச் சொல்லவில்லை. உள்ளே போய்விட்டாள்.

நாச்சிமுத்து துண்டை உதறித் தோளில் போட்டார். பிறகு, “சரி. ஆனா நானும் ஏறி வருவேன். மாப்பிள்ளை அந்தப் பக்கமே வரக் கூடாது. வெள்ளிக்கிழமை, ராகுகாலம் கழிச்சு” என்றார். விஞ்ஞானச் சோதனைக்கும் ராகுகாலம்!

ஆக, போன வெள்ளிக்கிழமை. காலையில் வெயில் ஏறுவதற்குள் அந்தக் கிராமத்துக்குப் போய்விட்டேன். காதர் பாயையும் அவருடைய மத்தியானத் தூக்கத்திலிருந்து ஒருநாள் கடன் வாங்கிக் கூட்டிப் போயிருந்தேன். மாஸ்டருக்கு வீட்டை விட்டு வெளியே வரக் கூடாது என்று கடுமையான உத்தரவு. அத்தை காவல்.

பன்னிரண்டு ஒன்றுக்கு நாச்சிமுத்து முன்சீட்டில் ஏறினார். பின்னால் காதர் பாய். “நேரம் குறிக்க ஆளு வேணுமே” என்று சொல்லி, பள்ளிக்கூடத்து வாட்ச்சோடு கோமதியும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்து ஏறினாள்.

திண்டுக்கல்லைப் பார்த்துக் காரை விட்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாக, என் கார் நிற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு ஓட்டினேன். உங்களில் கார் வைத்திருப்பவர்கள் யாராவது அப்படி வேண்டியதுண்டா? பழனி முருகனுக்கு முடி இறக்குவதாக நேர்ந்துகொண்டேன். இருக்கிற முடிக்கு அவர் சம்மதிப்பாரா என்பது வேறு விஷயம்.

கார் ஓடியது. மூன்று மைல். நான்கு மைல். ஐந்து மைல். பட்டுப்போல ஓடியது, பாவி.

நாச்சிமுத்து மைல்கல்லை எண்ணிக்கொண்டே வந்தார். தாடிக்கொம்பும் வந்தது, போனது. அவர் என் பக்கம் திரும்பி, “பாத்தீகளா?” என்றார். அவர் குரலில் ஜெயித்த சந்தோஷம் இல்லை, அவருக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. கண்ணாடியில் கோமதியைப் பார்த்தேன். வாட்ச்சைப் பார்க்காமல் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது கார் இருமியது.

இன்னொரு இருமல். ஒரு குலுக்கல். நடுரோட்டில் நின்றேவிட்டது!

“நின்னுருச்சு!” என்று நான் கத்தினேன். நாச்சிமுத்துவின் கையைப் பிடித்துக் குலுக்கினேன். எதிரே ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர் ஓடிவந்தார். காரில் வந்தவர்கள் கார் நின்றதற்குக் கை குலுக்கிக்கொள்வதை அவர் பார்த்ததில்லை போலும்.

காதர் பாய் பானெட்டைத் தூக்கினார். எல்லாரும் இறங்கினோம். பெட்ரோல் பம்புக்கு அடியில் ஒரு சின்னக் கண்ணாடிக் கிண்ணம் உண்டு. அதைச் சுட்டிக் காட்டினார். கோமதி முதலில் குனிந்து பார்த்தாள்.

“அப்பா, கொதிக்குது!”

கொதித்துக்கொண்டுதான் இருந்தது. உள்ளே பெட்ரோல், ரசம் நுரை கட்டுகிற மாதிரி குமிழி குமிழியாக எழும்பியது.

“யா அல்லா...” என்று காதர் பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். “பாருங்க வக்கீல் சாப். மலைக் குளிருக்கு எவனோ ஒருத்தன் பெட்ரோல் பைப்பை வளைச்சுப் புகைக்குழாயோட ஒட்ட வச்சிருக்கான். அங்க சரி. இந்த வெயில்ல பெட்ரோல் ஆவியாப் போயிருது. பம்பு பெட்ரோலைத்தான் இழுக்கும், ஆவியை எப்பிடி இழுக்கும்? செத்த நேரம் ஆறுனா மறுபடி பெட்ரோல் ஆயிரும், வண்டி கெளம்பிரும். மத்தியானம் நிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் அன்னைக்கே பாத்திருப்பேன். நீங்க மாஸ்டர் ஏறினா நிக்குதுன்னீங்க!”

நான் காதில் விழாத மாதிரி இருந்துகொண்டேன்.

நாச்சிமுத்துவின் துண்டை வாங்கிப் பக்கத்துக் கிணற்றில் நனைத்து, பம்பின் மேலும் பைப்பின் மேலும் சுற்றினார்கள். புஸ்ஸென்று ஆவி பறந்தது. இன்னும் இரண்டு தடவை நனைத்துப் போட்டார்கள். குமிழி அடங்கியது. சாவியைத் திருப்பினேன். முதல் திருப்பிலேயே கிளம்பியது.

கேஸ் முடிந்தது! மாஸ்டர் நிரபராதி! குற்றவாளி ஒரு வளைந்த பைப்! நான் கோட்டு போட்டிருந்தால் அதை இழுத்துவிட்டுக்கொண்டிருப்பேன்.

“இப்ப என்ன சொல்றீங்க பெரியவரே?” என்றேன்.

அவர் பதில் சொல்வதற்குள் ஆட்டுக்காரர் குறுக்கே வந்தார். “இந்தப் புள்ள வந்த காரா நின்னுச்சு?”

“ஆமா.”

“புள்ள எறங்கினதுக்கப்புறம் கெளம்பிருச்சா?”

“ஆமா, ஆனா...”

ஆட்டுக்காரர் நாச்சிமுத்துவைப் பார்த்து, மெதுவாகத் தலையை மட்டும் ஆட்டினார்.

நாச்சிமுத்துவின் முகம் வெளுத்தது. “ஐயய்யோ... அப்ப தோஷம் என் மகளுக்கா?”

“பெரியவரே! நாம எல்லாருமேதான் ஏறி வந்தோம். எல்லாருமேதான் இறங்கினோம்!”

“நம்மள்லாம் கல்யாணம் ஆனவுக. நமக்கு என்னங்க?” என்றார்.

இந்த வாதத்துக்கு எந்தச் சட்டப் புத்தகத்தில் பதில் இருக்கிறது? கோமதியின் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். நான் பெட்ரோலைப் பற்றிச் சொன்னேன். ஆவியைப் பற்றிச் சொன்னேன். இட்லிச் சட்டியை உதாரணம் காட்டினேன். காதர் பாய் கிண்ணத்தைக் கழற்றியே காட்டினார். ஒன்றும் உள்ளே போகவில்லை. ஒரு தோஷத்தை நீக்க வந்து இரண்டு தோஷமாக ஆக்கிவிட்டேன்.

அப்போதுதான் திண்டுக்கல் பக்கமிருந்து ஒரு சைக்கிள் வந்தது. மாஸ்டர். உத்தரவு, அத்தை, எல்லாவற்றையும் மீறிக்கொண்டு வந்துவிட்டார். வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டி, சட்டை முழுக்க வியர்வையாக வந்து இறங்கினார்.

“நின்னுச்சாண்ணே?”

“நின்னுச்சு. ஆனா...”

நாச்சிமுத்து முந்திக்கொண்டார். “மாப்பிள்ளை, ஒங்களைச் சொல்லிக் குத்தமில்ல. என் மக ஏறுனாலும் இந்தக் காரு நிக்குது” என்றார்.

மாஸ்டர் அவரைப் பார்த்தார். நின்ற காரைப் பார்த்தார். ரோட்டோரம் வாட்ச்சோடு நின்ற கோமதியைப் பார்த்தார். விசிலைத் தவிர அதிகம் பேசாதவர், அன்றைக்கு நிதானமாக ஒரு வார்த்தை சொன்னார்.

“அப்ப எங்க ரெண்டு பேருக்கும் பொருத்தம் சரியா இருக்குதுன்னுதானே மாமா அர்த்தம்?”

ஆட்டுக்காரர் யோசித்தார். நாச்சிமுத்து யோசித்தார். கோமதியின் அம்மா முந்தானையைக் கண்ணிலிருந்து எடுத்தார்.

“அட... ஆமால்ல!” என்றார் நாச்சிமுத்து. முகமெல்லாம் வெளிச்சம். “இம்புட்டுப் பொருத்தம் வேற எங்க போயித் தேடுறது? ஒரே காரு, ரெண்டு பேருக்கும் நிக்குதே!”

எனக்குப் பொறுக்கவில்லை. இப்படி ஒரு தப்பான காரணத்தில் ஒரு கல்யாணம் நிச்சயமாவதா? “பெரியவரே, அது பொருத்தம் இல்ல. பெட்ரோல் பைப்பு...” என்று மறுபடி ஆரம்பித்தேன்.

கோமதி என் பக்கத்தில் வந்து, அப்பாவுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்.

“விடுங்க சார். அப்பா சரின்னுட்டாரு. பெட்ரோலை நாங்க பெறகு பாத்துக்கிறோம்.”

பதினாலு வருஷமாகக் கோர்ட்டில் கத்துகிறேன் – வாயை மூடிக்கொண்டு ஜெயித்த கேஸ் இது ஒன்றுதான்.